சுற்றறிக்கையில் இருந்த கையெழுத்து

1994-ல் கோவை நூற்பாலை ஒன்றில் நான் ஸ்பின்னிங் மாஸ்டர். அந்த வருடம் நிர்வாகம் என்னை ஐந்து நாள் மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பியது. ஆசையோடு படித்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன்.

அடுத்த தை மாதம் மூன்றாவது ஷிஃப்டில், ரிங் ஃபிரேம்களில் நூல் அறுவது கூடியது. பயிற்சியில் கற்றபடி வரைபடம் போட்டுப் பார்த்தேன். நள்ளிரவுக்கு மேல்தான் அறுப்பு ஏறியது. ஆட்கள் தூங்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ரிங் ஃபிரேம்களைக் கவனிக்கும் தொழிலாளர்களான சைடர்களுக்கு மெமோ போனது. ஒருவரை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தேன். அறுப்பு குறையவில்லை.

அப்போது நான்கைந்து ஆலைகளின் மேலாளர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நடத்தினார். ஒருவர் தன் சிக்கலைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். என் முறை வந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க அங்க நின்னு பார்த்தீங்களா?" என்றார் ஒருவர். நான் ஒரு நாளும் போனதில்லை.

அன்றிரவே போனேன். உள்ளே அனல். பஞ்சுத் தூசி பறந்தது. அறுந்த நூலை ஒட்ட ஓடிக்கொண்டிருந்த சைடர் நின்று சொன்னார்: "பன்னெண்டுக்கு மேல, காத்துல ஈரம் ஏத்தற பிளான்ட்டுல பாதி ஃபேன நிறுத்திடறாங்க சார். காத்து காஞ்சு போச்சுங்க, நூல் எப்படிங்க நிக்கும்?" யார் உத்தரவு என்று கேட்டேன். மின்பிரிவுச் சுவரைக் காட்டினார். மின்கட்டணத்தைக் குறைக்கக் கார்த்திகையில் போட்ட சுற்றறிக்கை. கீழே என் கையெழுத்து.

ஃபேன்களை ஓட்டச் சொன்னேன். ஒரு வாரத்தில் அறுப்பு பழைய அளவுக்கு இறங்கியது. சஸ்பெண்ட் ஆனவருக்கு மூன்று நாள் கூலியைக் கொடுக்கச் செய்து, ஷிஃப்டின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கூட்டத்தின் முறைக்கு ஆக்‌ஷன் லேர்னிங் என்று பெயர் என்பதைப் பிறகு அறிந்தேன். வகுத்தவர் ரெஜ் ரெவன்ஸ் (1907–2003) என்ற ஆங்கிலேயர். இளமையில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்தவர். பெரிய விஞ்ஞானிகள் தங்களுக்கு விளங்காததைச் சகாக்களிடம் மறைக்காமல் பேசுவதை அங்கே பார்த்தார். பின்னாளில் பிரிட்டனின் நிலக்கரி வாரியத்தில் கல்வி இயக்குநரானபோது, சுரங்க மேலாளர்கள் சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் சுரங்கத்துச் சிக்கல்களை வைத்தே ஒருவரிடம் ஒருவர் கற்க வழி செய்தார். ஏட்டில் உள்ள அறிவும் கேள்வியில் பிறக்கும் தெளிவும் சேர்ந்ததே கற்றல் என்பது அவருடைய சூத்திரம். முதலாவது எனக்கு ஐந்து நாளில் கிடைத்திருந்தது. வரைபடம் தவறவில்லை. ஆனால் அதில் சைடர்கள் இருந்தார்கள், இயந்திரங்கள் இருந்தன, நான் இல்லை. மேலாளர் தன்னையும் சிக்கலின் ஒரு பகுதியாகப் பார்க்கத் தொடங்கும்போதுதான் பயிற்சி அவருக்குள் இறங்குகிறது.

இப்போது அந்தப் பெரியவரின் இடத்தில் நான் இருக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை ஆலை கேன்டீனில் ஆறு இளம் மேலாளர்களோடு உட்காருகிறேன். சென்ற மாதம் ஒருவர், புதிய ஆட்கள் மூன்று மாதம்கூட நிற்பதில்லை என்று வருத்தப்பட்டார். பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. முப்பது வருட அனுபவம் அப்படித்தான் அவசரப்படுத்தும். அதை விழுங்கிவிட்டுக் கேட்டேன்: "இதுல உங்க கையெழுத்து எங்க இருக்குது தம்பி?"

அவர் வெகுநேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பிறகு தன் பையிலிருந்து ஷிஃப்ட் அட்டவணையை எடுத்து மேசையில் விரித்தார்.