ரெண்டு நிமிஷ ஸ்டேஷன்

வாடா பேராண்டி, உக்காரு. கையில நோட்டீசை வச்சு விசிறிக்கிறதப் பாத்தா மனை வாங்குறதுன்னே முடிவு பண்ணிட்ட. "அம்பகரத்தூர் ரயில் நிலையத்திலிருந்து ரெண்டே நிமிடம்"னு போட்டிருக்கான். ரெண்டு நிமிஷந்தான், யாரு இல்லேன்னா? நாய் தொரத்துனா.

அந்த ஸ்டேஷன் கதையக் கேட்டுட்டு அட்வான்ஸ் குடு. 1898-ல பேரளம் காரைக்கால் லைன் வந்துச்சு. காசு பிரெஞ்சுக்காரன் காசு, ஓட்டுனது இங்கிலீசுக்காரனோட தென்னிந்திய ரயில்வே. போட்டவன் ஒரு தொரை, ஓட்டுனவன் இன்னொரு தொரை, டிக்கெட்டு எடுத்தவன் மட்டும் நம்ம பாட்டன். இருபத்து மூணு சொச்சம் கிலோமீட்டர், மீட்டர் கேஜ். பேரளத்துலேர்ந்து வந்து பாண்டிச்சேரி எல்லைக்குள்ள நொழஞ்சா நம்மூரு. எல்லை தாண்டி வந்து எறங்குறவங்க இன்னிக்கும் உண்டு, ஆனா அவங்க தேடுறது ஸ்டேஷன இல்ல, கடைய.

1987-ல நிறுத்திட்டாங்க. தண்டவாளம் போயி வெறும் மேடுதான் மிச்சம். ஒம் பாட்டி அதுமேலதான் வரட்டி தட்டுவா, உளுந்து காயப்போடுவா. ஊருல இவ்வளவு ஒசரமான களம் வேற ஏது? அப்பறம் அகலப் பாதை போட்டு, 2025-ல சோதனை ஓட்டம் விட்டாங்க. நடுவுல முப்பத்தெட்டு வருஷம். அஞ்சு ஏழரைச் சனி கூட்டிப் பாரு, முப்பத்தேழரை வரும். திருநள்ளாறு வழியாப் போற ரயிலு, கணக்கு தப்பாது.

சரி, நீ குடியிருக்கிறது வேளச்சேரி. அங்கயும் பறக்கும் ரயிலு 2007-ல வந்துச்சு. ஒங்க ஸ்டேஷனப் பாத்தேன். கல்யாண மண்டபம் கணக்கா கட்டி, மாடியில காத்து குடியிருக்கு. அங்கேர்ந்து பரங்கிமலைக்கு அஞ்சு கிலோமீட்டர். 2008-ல ஆரம்பிச்ச வேலை, ஆதம்பாக்கத்துல அரைக் கிலோமீட்டர் நெலத்துக்காக வருஷக்கணக்கா நின்னுச்சே. அந்த லைன நம்பி அப்பவே வீடு வாங்குனவன் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிருக்கும்.

அதை விடு. 2015 மழையில கட்டில் மேல உக்காந்துக்கிட்டு, "தாத்தா, பிரிட்ஜ் மெதக்குது"ன்னு போன் பண்ணுனது யாரு? ஏரிக்குள்ள வீடு, பக்கிங்காம் கால்வாயில ரயிலுக்குத் தூண். தண்ணி எங்கதான் போவும்? ஒன்னப் பாக்க வந்துச்சு.

இங்க மட்டும் வேற தண்ணியா? அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறுன்னு காவிரி தன் கடைசி சொத்தைப் பங்கு பிரிக்கிற எடம் காரைக்காலு. வயலெல்லாம் தட்டு மாதிரி கெடக்கு. அதுக்குக் குறுக்க ரயில் மேடு. மதகு வழியா வடிஞ்சாத்தான் உண்டு. மதகுக் கண்ணுல ஒரு கத்தை ஆகாயத்தாமரை வந்து சொருகிக்கிட்டா, மேட்டுக்கு இந்தப் பக்கம் கொளம், அந்தப் பக்கம் கட்டாந்தரை.

புரோக்கரு ஒன்னய எப்பக் கூட்டியாந்தான்? பங்குனியில. உளுந்து எடுத்த வயலு, வெடிப்பு விட்டுக் கெடக்கும், பாலிஷ் பண்ண சூவோட நடக்கலாம். மஞ்சப் பெயிண்ட் அடிச்ச கல்லு நட்டிருப்பான். நீ கல்லப் பாத்தே. கல்லுக்கடியில என்ன மொளச்சிருக்குன்னு பாத்தியா? கோரை. வரப்போரம் நண்டு வளை. மூலையில ஒரு பழைய மோட்டார் கொட்டா இருக்குல்ல, அது செவுத்துல என் இடுப்பு ஒசரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடும். அதாண்டா அந்த மனையோட மூலப்பத்திரம். வில்லங்கச் சான்றிதழ்ல அது வராது.

நான் வாங்காதேன்னு சொல்லல. ஒங் காசு. கார்த்திகையில ஒரு நடை வா. அந்தப் புரோக்கரையும் அதே வெள்ளச் சட்டையோட கூட்டிக்க. மனை நடுவுல போயி நின்னு, "ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம்?"னு கேளு. நீச்சல்ல எவ்வளவுன்னு அவன் சொல்லட்டும்.

என்னது, என் கொல்லையக் கேக்குறியா? ரயில் மேட்டுக்குப் பக்கத்துல, நல்ல திடலு. தண்ணி ஏறுனதே கெடையாது. ஸ்டேஷனுக்கும் கிட்டத்தான்.

அது விக்கிறதுக்கு இல்லடா. ஒம் பாட்டி வரட்டி தட்ட எங்க போவா?