பொட்டு வைக்கக் குனியும்போதே டயரையும் பாருலே

ஏலே பேராண்டி, புரட்டாசி முடியப் போவுது. காருக்கு என்னலே செஞ்சே? "செராமிக் கோட்டிங் போட்டாச்சு தாத்தா"ங்கே. டேஷ்போர்டுல மல்லிகைப்பூ வாசத்துக்கு ஒரு குப்பி. காலுக்கடியில நீல வெளிச்சம் வேற. ஏன்லே, உள்ளுக்குள்ள கரகாட்டமா நடக்கப் போவுது?

ஐப்பசி அடைமழையில ரோட்டைப் பிடிச்சு நிக்கப் போறது உன் கோட்டிங் இல்ல, நாலு டயர். ஒரு டயர் தரையைத் தொடுத இடம் ஏறக்குறைய உன் உள்ளங்கை அளவு. அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் பொண்டாட்டி பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போறே. என்னைக்காவது குனிஞ்சு பாத்தியா?

ஆயுத பூசையன்னைக்குக் குனியத்தான் செய்யுதே. சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். நல்லது, வேண்டாங்கல. நாங்களும் மம்பட்டி, அருவா எல்லாத்தையும் கழுவித்தான் பொட்டு வச்சோம். ஆனா கழுவுறப்பவே எது மொன்னை, எதுல காம்பு ஆடுதுன்னு பாத்துருவோம். நீ பொட்டை மட்டும் வச்சுட்டு போட்டோவுல்ல எடுக்கே?

குனிஞ்சதுதான் குனிஞ்சே, டயர் பள்ளத்துக்குள்ள விரலை விடு. அங்கங்க சின்ன மேடு தட்டுப்படும். பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா மிச்சம் 1.6 மில்லிமீட்டர். அதுக்கும் கீழ போனா ஓட்டாதேன்னு சட்டமே சொல்லுது. மழைத்தண்ணி விலகிப் போறது அந்தப் பள்ளத்து வழியாத்தான். பள்ளமில்லாத டயர் தண்ணி மேல மிதக்கும். நீ ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் திருப்பு, அது அதுபாட்டுக்கு நேரா போவும். பக்கவாட்டுல டயருக்கு வயசும் போட்டிருக்கு. நாலு எண் இருக்கும் பாரு. 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்துல பொறந்தது. பொண்ணு பாக்கப் போறப்ப சாதகம் கேட்ட பய, டயருக்குக் கேக்க மாட்டியோ?

"நைட்ரஜன் பிடிச்சிருக்கேன் தாத்தா." காசு குடுத்தா? நீ ஓசியில இழுக்குத மூச்சுக்காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தாம்லே! பஞ்சர் கடைக் காத்து போதும், அளவு சரியா இருந்தா. டிரைவர் கதவைத் தொறந்தா தூண்ல அளவு ஒட்டியிருக்கும். டயர் மேல எழுதியிருக்கது அது தாங்குத உச்சம். அதைப் பாத்துக் காத்துப் பிடிச்சிராதே. காலையில வண்டி ஓடிச் சூடாகுததுக்கு முன்னால பாக்கணும். டிக்கியில கெடக்க ஸ்டெப்னிக்கும் பாரு. அவசரத்துக்கு எடுத்தா அதுவும் பஞ்சர், ஜாக்கியையும் காணோம்னா யாருக்குலே போன் போடுவே?

வைப்பர் ரப்பரைத் தடவு. சித்திரை வெயில்ல வெடிச்சுப்போன ரப்பர் ஐப்பசியில துடைக்குமா? கர்ரு கர்ருன்னு கத்தி, கண்ணாடியில கோடு போடும். சில நூறு ரூபா விசயம், மாத்து. அப்படியே கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவுல அடைஞ்சு கெடக்க வேப்பஞ்சருகை அள்ளிப் போடு. தண்ணி வடிய வழியில்லேன்னா அது உன் மிதியடிக்குத்தான் வரும்.

பேட்டரி முனையில வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கா? இன்ஜினை அணை. மைனஸ் வயரை மொதல்ல கழட்டு. பழைய பல்லு பிரஷ்ஷும் கொஞ்சம் வெந்நியும் போதும். துடைச்சு, காயவிட்டு, மாட்டினப்புறம் வாசலின் தடவு. மழையில லைட்டு, வைப்பர், ஏசி மூணும் ஒண்ணா இழுக்கும். கெழட்டுப் பேட்டரி அன்னைக்குத்தான் கைவிரிக்கும்.

இன்னொரு கூத்து. தூறல் விழுந்ததும் நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கிட்டே போறே. பின்னால வாரவனுக்கு நீ நிக்கியா, போறியா, திரும்பப் போறியான்னு எப்படித் தெரியும்? ஹெட்லைட்டை டிம்ல போட்டு மெதுவாப் போ. கண்ணாடியில ஆவி படிஞ்சா கையால அழிக்காதே, ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பு.

சுரங்கப்பாதையில தண்ணி நின்னா "நம்மது எஸ்யூவி"ன்னு மீசையை முறுக்கிட்டு எறங்காதே. தண்ணிக்கு உன் வண்டி பேரு தெரியுமா? மீறி எறங்கி நின்னு போச்சா, திரும்பச் செல்ஃப் அடிச்சிராதே. உள்ள தண்ணி ஏறியிருந்தா பிஸ்டனால அதை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். தனியா இன்ஜின் பாதுகாப்பு எடுக்கலேன்னா இன்சூரன்ஸ்காரனும் பெரும்பாலும் கையை விரிச்சிருவான். எறங்கித் தள்ளி ஓரங்கட்டிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடு. தண்ணியைத் தாண்டி நல்லபடியா வந்துட்டா, பிரேக்கை ரெண்டு மூணு தடவை லேசா மிதிச்சுக் காயவிடு.

இம்புட்டுக்கும் ஒரு ஞாயித்துக்கெழமை காலை போதும். நீயோ காரைப் பத்தி யார் யாரோ பேசுத வீடியோவை ராப்பகலாப் பாக்கே. கம்பெனிக்காரன் குடுத்த புஸ்தகம் டேஷ்போர்டுக்குள்ள பிளாஸ்டிக் கவரோட கெடக்கு. அதைப் பிரிச்சுப் படிலே. கவர் கிழியாம இருந்தா விக்கையில வெலை கூடக் கெடைக்கும்னு உனக்கு எவன்லே சொன்னான்?