அரிசிக்கு அடுத்த சொல்

திருவையாற்றில் சித்தப்பாவின் லேப்டாப்பில் மெட்டாமாஸ்க் என்ற கிரிப்டோ வாலட்டைப் போட்டுக் கொடுத்தேன். பிரவுசர் மூலையில் ஒரு நரி வந்து உட்கார்ந்தது. "காவலுக்கு நரியையா வைக்கிறாங்க?" என்றார்.

கடவுச்சொல் கொடுத்ததும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. அவைதான் சாவி. தொலைத்தால் மாற்றித் தர பேங்க் மேனேஜர் கிடையாது. 2048 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து பொறுக்கியவை. ஜப்பானிய, கொரிய, செக் மொழிகளுக்கெல்லாம் தனிப் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. ஆங்கிலப் பட்டியலில் ‘ரைஸ்’ இருக்கிறது. அதற்கு அடுத்த சொல் ‘ரிச்’. அரிசிக்குப் பக்கத்தில் பணக்காரன் நிற்பதை டெல்டாக்காரன் வேறெங்கே பார்க்கப் போகிறான்?

"ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், காகிதத்தில் எழுதுங்க" என்றேன். நெல் கொள்முதல் நிலைய ரசீதின் பின்பக்கம் எழுதி, காலண்டர் ஆணியில் குத்தினார். தெருவே வந்து ராகுகாலம் பார்க்கிற இடம். களத்தில் திருட்டுக்குப் பயந்து நெற்குவியலுக்குச் சாம்பலால் குறி போட்டுவிட்டு வருகிற மனுஷன்!

வரிக் கணக்கையும் சொன்னேன். நெல் விற்ற காசுக்கு வருமான வரி இல்லை. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீதம். நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. "இதுக்குப் பயிர்க் காப்பீடு மாதிரி ஏதாவது?" என்றார். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் திருட்டுப் போன கதையைச் சொன்னேன்.

பேசாமல் எழுந்து, ரசீதை எடுத்து பீரோவில் நிலப் பத்திரத்துக்கு அடியில் வைத்தார்.

உங்களுடையது எங்கே இருக்கிறது? போய்ப் பாருங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.