கம்பனும் ஒரு புத்தகம்தானா?

கேள்வி: வருடத்துக்கு 50 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். இப்போது ஒல்லியான புத்தகமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். பிடித்ததைப் படிக்க நேரமே இல்லை. என்ன செய்யலாம்? (வாசகி, செம்பூர், மும்பை)

பதில்: உங்கள் கணக்கில் பத்தாயிரத்துக்கும் மேல் பாட்டுள்ள கம்பராமாயணமும் ஒன்று, அறுபது பக்கக் குறுநாவலும் ஒன்று. கம்பர் பாவம்!

எழுத்தாளர் நாஞ்சில் நாடனைப் பாருங்கள். 1972-இல் வேலை தேடி பம்பாய் வந்தவர், ஏறத்தாழ 17 ஆண்டுகள் அங்கே இருந்தார். விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைகிற பிழைப்பு. அதற்கிடையே, தாராவிக்குப் பக்கத்தில் சயானில் இருக்கும் பம்பாய்த் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். அதே பம்பாயில்தான் ரா. பத்மநாபனிடம் கம்பனை முறையாகப் பாடம் கேட்டார். ஒரு பக்கம் பெரிய இலக்கு, இன்னொரு பக்கம் மனம்போன மேய்ச்சல். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977-இல் வந்தது. கம்பனில் ஊறியது பல ஆண்டுகள் கழித்து ‘கம்பனின் அம்பறாத்தூணி’ என்ற நூலாக விளைந்தது.

எண்ணிக்கையை விடுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு கனமான நூல் போதும். காலையில், தலை தெளிவாக இருக்கும்போது, அதில் பத்துப் பாட்டு. ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் துப்பறியும் கதையோ சமையல் குறிப்போ, எதுவானாலும் சரி. பிடிக்காவிட்டால் முப்பதாம் பக்கத்திலேயே மூடிவிடலாம். யாரும் அபராதம் போடப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா பக்கம் போனால், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.