ஒரு சைபரைப் பறிமுதல் செய்யக் கோரும் மனு

மேன்மைதங்கிய நோர்வே நிதியமைச்சின் சமூகத்திற்கு,

ஒஸ்லோ குரூருத்தாலனில் வசிக்கும் மனுதாரர் மிகத் தாழ்மையுடன் அறியத்தருவது:

சென்ற சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில், கொத்துரொட்டி வரிசையில் மனுதாரர் நின்றபோது, மனைவியின் தம்பி கைபேசியை உயர்த்திப் பிடித்து, "அத்தான், வரிப்பட்டியலில உங்கட சொத்து சைபர் எண்டு கிடக்கு!" என்று மண்டபம் கேட்கச் சொன்னார். மீன் தொழிற்சாலை, துப்புரவு வேலை, பஸ் என்று 31 வருடம் ஓடிய ஓட்டம் ஒரே எண்ணில் முடிந்தது. இந்நாட்டில் எவரும் எவரையும் தேடிப் பார்க்கக்கூடிய அந்தப் பட்டியலில், யார் தேடினார் என்பதைத் தேடப்பட்டவருக்கே காட்டும் ஏற்பாட்டைச் சமூகம் 2014 முதல் செய்து வைத்திருப்பதால், அன்றிரவே மனுதாரர் பார்த்தார். ஒன்பது பேர். ஒன்பதும் சொந்தம்.

சமூகத்தில் குற்றமில்லை. குடியிருக்கும் வீட்டைச் சந்தை விலையில் 25 வீதத்துக்குத்தான் கணக்கெடுக்கிறீர்கள். வங்கிக் கடனையோ முழுசாகக் கழிக்கிறீர்கள். இவ்வளவு அன்பாக யாரும் மனுதாரரைச் சைபராக்கியதில்லை.

அந்தச் சைபரோடு அவர் பட்டியலின் மறுமுனையை நினைத்துப் பார்த்தார். 1892 முதல் இந்நாட்டில் இருக்கும் சொத்துவரியில், 2 கோடி குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்குச் சமூகம் 2022இல் 1.1 வீதம் என்று நிர்ணயித்தது. நூறு குரோனருக்கு ஒரு குரோனரும் பத்து ஓரேயும். பணக்கார மேசைகளில் இதற்குப் பெயர் பறிமுதல். அந்த ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் ஷெல் இங்க றொக்கே தன் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டு, சுவிற்சர்லாந்தின் லுகானோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் கன்டோன் என்னும் மாநிலங்கள் சொத்துவரி வாங்குகின்றன என்பதை மனுதாரர் பணிவுடன் நினைவூட்டுகிறார். எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீரர் பியோன் தேலியும் சுவிஸ் போனார். நெடுந்தூரம் ஓடிப் பழகிய கால்.

அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்கு உள்நாட்டிலேயே ஒரு லுகானோ இருந்தது. வடக்கே வெஸ்தரோலனில் உள்ள பொ கொம்யூன் என்ற உள்ளூராட்சி, சொத்துவரியில் தன் பங்கான 0.7 வீதத்தை 2021இல் 0.2 ஆக்கிப் பணக்காரரை வரவேற்றது. சைபர்காரரையும் வரவேற்குமா என்று மனுதாரர் இன்னும் விசாரிக்கவில்லை.

இனிச் சமூகத்தின் பொறுமையைப் புகழவேண்டும். பங்குகளின் உயர்ந்த பெறுமதியோடு நாட்டைவிட்டு வெளியேறி, ஐந்து வருடம் விற்காமல் இருந்தால் வெளியேற்ற வரி தானாகவே சைபராகிவிடும் என்ற வாசல் 2022 நவம்பர் வரை திறந்தே கிடந்தது. அதைப் பூட்டிவிட்டு, 2024இல் கட்டுவதற்கு 12 வருட அவகாசம் கொடுத்தீர்கள். தவணைமுறையில் கட்டினால் வட்டி சைபர். கடலைப் பாவிக்கும் சால்மன் பண்ணைகளுக்கு 40 வீத வரி என்று 2022 செப்டம்பரில் அறிவித்தீர்கள். அழுகை கேட்டதும் 25 ஆக்கினீர்கள். மனுதாரர் மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்தில் அவருடைய வரி சம்பளம் கைக்கு வருமுன்பே கழிந்துவிடும். அழ நேரமிருக்கவில்லை.

பறிமுதல் என்ற சொல்லைத் தயவுசெய்து மரியாதையாகப் பாவிக்கச் சொல்லுங்கள். 1990இல் இலங்கையின் வலிகாமம் வடக்கில் மனுதாரரின் அம்மாவின் வீடும் வெங்காயத் தோட்டமும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. வீதம் இல்லை. தவணை இல்லை. கடிதம்கூட இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். அதற்குத்தான் பறிமுதல் என்று பெயர். கோடீஸ்வரனிடம் நூற்றுக்கு ஒன்று கேட்பதற்கு அந்தப் பெயரை வைப்பவர்களுக்கு வெட்கம் வேண்டும்.

மன்னிக்கவும். சமூகத்தின் முன் மனுதாரர் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது.

அதே 1990இல்தான் நோர்வே பாராளுமன்றம் எண்ணெய் நிதியத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய் இலாபத்தில் 78 வீதத்தைச் சமூகம் எடுக்கிறது. எந்தக் கம்பனியும் வடகடலைச் சுருட்டிக்கொண்டு லுகானோ போகவில்லை. அந்தப் பணம் இன்று சுமார் 20 இலட்சம் கோடி குரோனர். 78க்கு நடுங்காத கை 1.1க்கு ஏன் நடுங்குகிறது என்பதே மனுதாரரின் ஒரே சந்தேகம். இந்தியா இந்தச் சந்தேகமே வரக்கூடாதென்று 1985இல் மரணச் சொத்துவரியையும் 2015இல் சொத்துவரியையும் ஒழித்துவிட்டது. 2025 செப்டம்பரில் சொத்துவரி பெரிய பேச்சாக இருந்த தேர்தலில் நோர்வே மக்கள் தொழிற்கட்சியையே திரும்ப ஆட்சியில் வைத்தார்கள். சமூகம் இன்னும் யாரிடம் அனுமதி கேட்கிறது?

ஆகவே மனுதாரர் வேண்டுவது இரண்டு. ஒன்று, நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுத்த 12 வருட வட்டியில்லாத் தவணையை, போகாமல் இருப்பவரின் வீட்டுக்கடனுக்கும் வங்கியிடம் பேசி வாங்கித் தரவும். இரண்டு, அது முடியாதென்றால், பாரபட்சம் காட்டாமல் மனுதாரரின் சொத்திலும் 1.1 வீதத்தை உடனே பறிமுதல் செய்யவும்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: சைபர்