தரகர் வேற்றுமை: ஒரு சிற்றிலக்கணம்

தமிழ்ப் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை எட்டு. இலக்கணக்காரர்கள் அதைத் தரகர்களை மனத்தில் வைத்துத்தான் வகுத்தார்கள் என்பது, மதுராந்தகத்தில் மனை தேடி ஆறு மாதம் அலைந்த பிறகே எனக்குப் பிடிபட்டது. ஆய்வுக்களம்: ஜி.எஸ்.டி. சாலை டீக்கடையில் தொடங்கி சார்பதிவாளர் அலுவலக வாசல் வரை.

எழுவாய்க்கு உருபு இல்லை. முதல் வகைத் தரகருக்கும் பலகை, ரசீது, பதிவெண் எதுவும் கிடையாது. பெயர் மட்டும் உண்டு. இரண்டாம் வேற்றுமை செயப்படுபொருள். அது தரகர் அல்ல, நாம்.

மூன்றாவதற்கு 'ஓடு' உருபு. தரகரோடு தரகர் வருவார், அவரோடு இன்னொருவர். 1,200 சதுர அடி மனை ஒன்றுக்கு நால்வர் வந்தார்கள். ஒருவர் என்னைத் தெரிந்தவர், ஒருவர் ஓனரைத் தெரிந்தவர், மூன்றாமவர் ஓனரின் மச்சானைத் தெரிந்தவர். நான்காமவர் டீ குடிக்க வந்தவர்; குடித்து முடித்ததும் அவரும் பங்குக்கு நின்றார்.

நூலின் உயிர்நிலை நான்காம் வேற்றுமை. 'கு' உருபுக்குப் பொருட்டு என்றும் பொருள் உண்டு, பகை என்றும் பொருள் உண்டு. கூலிக்கு வேலை செய்தான் என்பதிலும் 'கு'தான், பாம்புக்குக் கீரி பகை என்பதிலும் 'கு'தான். 'வாங்குபவருக்குத் தரகர்' என்றால் எந்தக் 'கு'? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா), முகவர் என்பவர் ஒருவர் சார்பில் பேசுபவர் என்கிறது. இங்கேயோ இந்தப் பக்கம் ஒரு பர்சென்ட், அந்தப் பக்கம் ஒரு பர்சென்ட். அந்தச் சட்டப்படி முகவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதும் ரெராவில் பதிவான லேஅவுட், அடுக்ககம் விற்பதற்குத்தான். ஒற்றை மனையைக் கைமாற்றிவிடுபவர் அந்த வலையில் விழுவதில்லை. அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 17 முதல், ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் வாங்குபவரிடம் எழுத்து ஒப்பந்தம் போட்ட பிறகே வீட்டைச் சுற்றிக் காட்டலாம். நம் ஒப்பந்தம் அவருடைய பாக்கெட் டைரியில் கிறுக்கிய நம் போன் நம்பர்.

பொருட்டுத் தரகருக்கு இவ்வூரில் ஒரே சான்று ஏரி காத்த ராமர். 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஏரி உடையாவிட்டால் தாயாருக்குச் சன்னதி கட்டித் தருவதாக வேண்டிக்கொண்டாராம். ராம லட்சுமணர் மழையில் நின்று கரையைக் காத்தார்கள் என்பது ஊர்க்கதை. டோக்கன் வாங்கவில்லை, வேலை முடிந்த பிறகே சன்னதி.

என் தரகரிடம் மூலப்பத்திரமும் முப்பது வருட வில்லங்கமும் கேட்டேன். "எல்லாம் கிளியர் சார், பட்டாவே ஓனர் பேர்லதான்." சர்வே வரைபடம்? "கல்லு நட்டிருக்கே சார், படம் எதுக்கு?" கல் இருந்தது உண்மை. அதில் சிவப்பு பெயின்ட்டில் எழுதிய எண்ணில் பாதியை ஆடு உரசித் தேய்த்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓனர்கிட்ட ரேட் மட்டும் பேசாதீங்க, கோவக்காரர்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். கோவக்காரர் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்து விலையும் சொன்னார். சென்ட்டுக்கு நாற்பதாயிரம் குறைவு.

ஆக, நான்காம் வேற்றுமை என்று நான் நம்பியது ஆறாம் வேற்றுமை, உடைமைப் பொருள். "நம்ம சைட் சார்" என்று அவர் சொன்னபோதே உருபைக் கவனித்திருக்க வேண்டும். இவ்வகைக்கு ஊர் வழக்கில் 'மேலே வைத்து விற்பது' என்று பெயர். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 216ஆம் பிரிவில் இதற்குத் தீர்வு சொல்கிறது: அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் பண்ணினால், அந்த லாபத்தை அமர்த்தியவர் கேட்கலாம். அதைச் சொன்னேன். "வக்கீலா சார் நீங்க? முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று வருத்தப்பட்டார்.

மற்றவை சிறிது. ஐந்தாவது நீங்கல், பத்திரம் பதிந்த மாலையே நிகழ்வது. ஏழாவதன் உருபு 'கண்'. அதை ஓனரைப் பார்த்துச் சிமிட்டுவார். எட்டாவது விளி. பதிவுக்கு முன் "சார், சார்" என்று அவர் விளிப்பார். பின்னர் நாம் விளித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

மனை வாங்கப் போகிறவர்களே, டோக்கன் கொடுக்கும் முன் ஓனர் வீட்டில் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வாருங்கள்.