அட்வான்ஸ் குடுத்த அறிவாளிக்கு

வா தம்பி, குந்து. பிளேன்டி ஊத்தச் சொல்றேன். அந்தப் போனைக் கீழ வையி, ஓடிராது.

நம்ம எஹலியகொடப் பக்கம் ரப்பர் மரத்தடியில மம்பட்டி போட்டாலே மாணிக்கக் குழிம்பான். இந்த ஊருல பொறந்த என் பேரன் போன் ஆட்டத்துக்குள்ள டயமண்ட் வாங்குறான்! ரீலோட் போட்டு. சுடுற துப்பாக்கிக்குப் பூப்போட்ட சட்டை மாட்டவாம். பூப்போட்டா குண்டு நல்லாப் பாயுமாடான்னேன். "இல்ல தாத்தா, பாக்க கெத்தா இருக்கும்." அவுக அம்மா பால் வெட்டி எடுத்த ஒருநாள் சம்பளத்துல பாதி அதுல போச்சி.

இந்தக் கூத்து நேத்து வந்ததுங்கிறியா? 2006லயே ஓப்லிவியன்னு ஒரு ஆட்டத்துல குதிரைக்குக் கவசம் வித்தான். வெல 2.50 டாலர். படத்துல ஓடுற குதிரைக்கு! நுவரெலியா ரேசுல ஓடுற நெசக் குதிரையே வெறும் ஒடம்போடதான் ஓடுது.

இப்ப அதுக்கும் மேல. ஆட்டமே வரல, அதுக்குள்ள பிரீ ஆர்டராம். முந்திக் காசு கட்டுனா ஒரு தொப்பி இனாம். ஏன் தம்பி, கோப்பரேசன் கடையில சீனி தீந்துரும்னா முந்தி ஓடலாம். ஆகாசத்துல இருந்து போனுக்கு எறங்குற சாமான் தீருமா? 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077 வந்திச்சி. 80 லட்சம் பேரு பாக்காமலே வாங்கி வச்சிருந்தாங்க. பழைய பிளேஸ்டேசன்ல அது நடக்கவே திணறிச்சி. ஒரு வாரத்துல சோனிக்காரன் தன் கடையில இருந்தே தூக்கிட்டு, காசத் திருப்பிக் குடுக்குறேன்னான். நம்ம குழிக்காரன் எவனாச்சும் இல்லம்ங்கிற கல்லுமண்ணக் கழுவிப் பாக்காமக் கல்லுக்கு வெல பேசுவானா?

அட்வான்ஸ்னா நமக்குப் புதுசா? எங்க பாட்டன் காலத்துல கங்காணி அட்வான்ஸ் குடுத்துதான் தோட்டத்துக்கு ஆளக் கூட்டியாந்தான். வேற தோட்டத்துக்குப் போகணுமா, கடன எழுதுன துண்டு வேணும். புதுத் தொரை அதைக் கட்டுனாத்தான் விடுதல. 1921லதான் அந்தத் துண்டு ஒழிஞ்சிச்சி. அப்ப அட்வான்ஸ் வாங்குனவன் மாட்டுனான். இப்ப குடுத்தவன் மாட்டுறான். முன்னேத்தம்தானே?

மாட்டுனப்புறம் போடுற கூச்சல் இருக்கே! 2017ல ஸ்டார் வார்ஸ் ஆட்டத்துக்கு முழுக்காசும் வாங்கிட்டு, டார்த் வேடர் வேணும்னா இன்னும் மணிக்கணக்கா மாரடிங்கன்னான். லட்சக்கணக்குல திட்டுனாங்க, கம்பெனி எறங்கி வந்திச்சி. அது நியாயமான கூச்சல். ஆட்டத்துக்குள்ள, என்னா இருக்குன்னு தெரியாமக் காசுக்கு வாங்குற பொட்டியெல்லாம் சூதாட்டம்னு மறுவருசமே பெல்சியத்துக்காரன் சொல்லிட்டான். ஆனா நீ? இனாமாக் குடுத்த தொப்பி நெறம் சரியில்லன்னு ராத்திரி முழுக்க ஒப்பாரி வக்கிற. சும்மா வந்த மாட்டுக்குப் பல்லு எண்ணுறியா?

லயத்துக்குப் பின்னால பலா பிஞ்சு விட்டிருக்கு. நேத்து பேரன்ட்ட சொன்னேன்: "இப்பவே காசைக் குடு. முந்துறவனுக்கு ரெண்டு பலாக்கொட்டை இனாம்."

பய மரத்த அண்ணாந்து பாத்தான்.

"பழுக்கட்டும் தாத்தா. ஒரு சொளை தின்னு பாத்துட்டுத் தாறேன்."